அதீனாவின் வாக்கும் கண்ணகையின் வழக்கும்

கிரேக்கத் தெய்வங்களும் வீரர்களும் தமிழ் வாசகருக்குப் புதியவர்களல்லர். எர்க்குலிசின் பன்னிரண்டு அரும்பணிகளையும், மெதூசாவின் பாம்புக் கூந்தலையும், திரோய் நகரை வீழ்த்திய மரக்குதிரையையும் பள்ளிப் பருவத்திலேயே நம்மிற் பலர் கேட்டிருக்கின்றோம். ஆயின் இக்கதைகள் எந்தக் கோலத்தில் எம்மிடம் வந்து சேர்ந்தன என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அவை விந்தைக் கதைகளாக வந்தன. அவற்றைப் படைத்த மக்களின் நிலமும் உடைமையும் குடும்பமும் சட்டமும் கழித்தெடுக்கப்பட்டு, அற்புதம் மட்டும் எஞ்சிய நிலையில் அவை எமக்குக் கிடைத்தன. ஒலிம்பஸ் மலைத் தெய்வங்கள் கோபக்காரர்கள், காமுகர்கள், அழகர்கள் என்பதற்கு மேலாக அவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு.

பழங்கதை என்பது ஒரு சமுதாயம் தன் வழக்குகளைத் தானே பேசித் தீர்க்க முயன்ற மன்றம் ஆகும். யாருக்கு நிலம்? யாருக்கு வீடு? பிள்ளை எவர் வழியது? பழிக்குப் பழி எங்கே முடிவது? இக்கேள்விகளே தெய்வங்களின் வாயிலாகவும் வீரர்களின் வாளாலும் பேசப்பட்டன. அத்தகைய கிரேக்க வழக்கொன்றை நாம் இங்கே எடுத்துக்கொள்கின்றோம். ஏதென்சிலிருந்தன்று, ஈழத்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள அக்கரைப்பற்றிலிருந்து அதனைப் பார்க்க விரும்புகின்றோம்.

அக்கரைப்பற்றுக்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் எனக் கடலோரமாக நீளும் இந்த ஊர்களில் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இறைவனை வழிபடும் முறையில் இருசாராரும் வேறுபட்டவர்கள். ஆயினும் ஒரு வழக்கில் ஒன்றுபட்டவர்கள். இருசாராரிடத்தும் குடி தாய்வழியே வருகின்றது. பிள்ளை தந்தையின் குடியைச் சேர்வதில்லை. தாயின் குடியையே சேரும். ஒரே குடிக்குள் மணம் செய்வது முறையன்று. ஆகவே கணவனும் மனைவியும் எப்பொழுதும் வெவ்வேறு குடியினர். மணமகன் மணமகளின் வீட்டிற்குக் குடிபுகுகின்றான். வீடும் வளவும், இயன்றவிடத்து வயலும், மகளுக்குச் சீதனமாகின்றன. 1969ஆம் ஆண்டு தொடக்கம் அக்கரைப்பற்றிலே தங்கி இவ்வழக்கங்களை ஆராய்ந்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே, 2008இல் வெளியிட்ட தம் பெருநூலில் இதனை விரிவாக எடுத்துரைத்துள்ளார். குடியின் பிடி இன்று தளர்ந்துவிட்டது. ஆனால் பெண்ணுக்கு வீடு என்ற வழக்கம் தளரவில்லை.

கிரேக்க இலக்கியத்தை எமது மண்ணோடு சேர்த்து நோக்குவது புதிய முயற்சியுமன்று. காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், யவனரின் கலையைப் பற்றித் தமிழில் எழுதியவர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலே தொடங்கி 1947இல் யாழ் நூலைத் தந்தவரும் அவரே. பின்னர் க. கைலாசபதி பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, கிரேக்க இலக்கியத்தை மார்க்சிய நோக்கில் ஆராய்ந்த ஜோர்ஜ் தொம்சனிடம் பயின்றார். சங்கப் பாடல்களையும் ஹோமரின் காவியங்களையும் ஒப்பிட்டு அவர் எழுதிய ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. கா. சிவத்தம்பியும் அதே ஆசிரியரிடம் பயின்று, பண்டைத் தமிழ்ச் சமுதாயத்தில் நாடகம் பற்றிய தம் ஆய்வை 1981இல் நூலாக்கினார். வீரயுகம் என்ற சொல்லை எமது திறனாய்வில் நிலைநாட்டிய பெருமை இவர்களுடையது.

அப்பெருமையைக் குறைக்காமல் ஒன்று சொல்லலாம். வீரயுகம் பற்றிய ஆராய்ச்சி, இயல்பாகவே, வாளேந்திய ஆடவரின் ஆராய்ச்சியாக அமைந்தது. அக்கிலீசுக்கு இணையாக எமது வேந்தரும் மறவரும் நிறுத்தப்பட்டனர். ஆனால் கிரேக்கப் பழங்கதையிலே வாளுக்கு நிகராக வழக்கும் உண்டு. அவ்வழக்கில் பெண்ணே கட்சிக்காரி. அவளுக்கு இணையானவளைத் தேடி நாம் ஏட்டுச் சுவடிகள் உறங்கும் நூலகத்திற்குப் போகவேண்டியதில்லை. அவள் வைகாசி மாதத்தில் இக்கரையூர்களிலே இன்றும் வழக்குரைக்கின்றாள்.

முதலிலே கிரேக்க வழக்கைக் கேட்போம். கி.மு. 458இல் ஏதென்ஸ் நகரத் திருவிழாவில் எஸ்கிலஸ் என்னும் நாடகாசிரியர் மூன்று நாடகங்களாலான தொடரொன்றை அரங்கேற்றி முதற் பரிசு பெற்றார். திரோய் மீது படையெடுத்த மன்னன் அகமெம்னோன், கப்பல்களுக்குக் காற்று வேண்டித் தன் மகள் இபிஜெனியாவைப் பலியிட்டான். பத்தாண்டு கழித்து வெற்றியோடு மீண்ட அவனை, மனைவி கிளைத்தெம்னெஸ்திரா குளிக்குமிடத்திலே கொன்றாள். அப்பொல்லோவின் ஏவலால் மகன் ஓரெஸ்தெஸ் தன் தாயைக் கொன்றான். தாய்க் கொலைக்குப் பழி தேடி எரினியர் என்னும் பழமையான பெண் தெய்வங்கள் அவனைத் துரத்தின. இறுதியில் ஏதென்சிலே மன்றம் கூடுகின்றது. அதீனா தலைமை தாங்குகின்றாள்.

அம்மன்றத்தில் நிகழும் வாதத்தை ஊன்றிக் கேட்கவேண்டும். கணவனைக் கொன்றவளை நீங்கள் ஏன் துரத்தவில்லை என்று ஓரெஸ்தெஸ் கேட்கின்றான். அவள் கொன்றவன் அவளுடைய இரத்த உறவினன் அல்லன் என்கின்றனர் எரினியர். அப்படியாயின் நான் என் தாயின் இரத்தமா என்பது அவனுடைய அடுத்த கேள்வி. அப்பொழுது அப்பொல்லோ எழுந்து, தாய் என்பவள் பிள்ளையின் பெற்றோரே அல்லள், ஆடவன் இட்ட வித்தைக் காத்து வளர்க்கும் செவிலி மட்டுமே என வாதிடுகின்றான். அதற்குச் சான்றாகத் தாயின்றிச் சியூசின் தலையிலிருந்து பிறந்த அதீனாவையே சுட்டுகின்றான். தாயறியாத அத்தேவியும் தன் வாக்கை ஓரெஸ்தெசுக்கே அளிக்கின்றாள். வாக்குகள் சமமாகின்றன. சமமாயின் குற்றவாளி விடுதலை என்பது மன்றத்தின் விதி. தாயைக் கொன்றவன் விடுதலை பெறுகின்றான்.

இதனை அக்கரைப்பற்று வாசகர் ஒருவர் படிப்பாராயின் என்ன காண்பார்? எரினியரின் வாதம் அவருக்கு விந்தையாகத் தோன்றாது. அது அவருடைய ஊர்க் கணக்கு. அகமெம்னோன் வேற்றுக் குடியினன். ஓரெஸ்தெசோ தாயின் குடியினன். ஆகவே தன் குடியைத் தானே வெட்டியவன். கணவனைக் கொன்றது நியாயம் என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் இரத்தம் எவ்வழி ஓடுகின்றது என்ற வினாவுக்கு ஏதென்சில் தோற்ற விடையே எமது கரையில் நிலைத்த விடை. அப்பொல்லோவின் வித்து வாதமும் வயற்காரருக்கு நன்கு விளங்கும். விதைத்தவனுக்கே விளைச்சல், வயலுக்கு ஒன்றுமில்லை என்பதே அவ்வாதம். வயலே மகளின் சீதனமாக இருக்கும் ஊரில், விதைத்தவன் அவ்வளவு துணிவாகப் பேசமாட்டான்!

இந்நாடகத்தின் உட்பொருளை மேலைநாட்டார் உணராமலில்லை. பாக்கோவன் 1861இல் தாயுரிமை பற்றிய தம் நூலில், பழைய தாயுரிமைக்கும் புதிய தந்தையுரிமைக்கும் நடந்த போராட்டத்தின் நினைவே இது என்றார். குடும்பத்தின் தோற்றம் பற்றிய தம் நூலின் 1891ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் எங்கெல்சு இதனை எடுத்துக்காட்டிப் பாராட்டினார். எஸ்கிலசும் ஏதென்சும் பற்றி 1941இல் நூலெழுதிய தொம்சன், தனியுடைமையின் வளர்ச்சியோடு பெண்ணின் வீழ்ச்சியைத் தொடர்புபடுத்தினார்.

இவர்களுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். எனினும் இவர்கள் கூறியதை வேதமாகக் கொள்ளவேண்டியதில்லை. ஆதியில் உலகெங்கும் பெண்களே ஆண்டனர் என்ற பாக்கோவனின் கொள்கையை இன்றைய மானிடவியலாளர் ஏற்பதில்லை. அக்கரைப்பற்றே அதற்கு நல்ல மறுப்பு. இங்கே குடி தாய்வழியது, ஆட்சியோ தாயினுடையதன்று. கோயிலில் குடியின் சார்பாக நிற்கும் வண்ணக்கரும் ஆண். பள்ளிவாசலில் குடியின் சார்பாக நின்ற மரைக்காயரும் ஆண். தாய்வழி வேறு, தாயாட்சி வேறு. ஆயினும் தாய்வழி வெறும் பெயரன்று. மழைக்கும் வெயிலுக்கும் தலைமேல் உள்ள கூரை எவருடையது என்பதை அது தீர்மானிக்கின்றது. மனைவியின் வீட்டில் வாழும் கணவன் அவளை வெளியே போ என்று சொல்வது எளிதன்று.

இனி எமது வழக்கிற்கு வருவோம். சிலப்பதிகாரத்துக் கண்ணகி கற்றோர் அறிந்தவள். ஆனால் இக்கரையூர் மக்கள் அறிந்தவள் கண்ணகை அம்மன். அவள் கதையைக் கூறும் ‘கண்ணகி வழக்குரை’, மட்டக்களப்பு முதல் தம்பிலுவில் வரை கோயில்களில் ஏடாகப் போற்றப்பட்டு வந்தது. வி. சீ. கந்தையா அதனைப் பதிப்பித்து 1968இல் அச்சேற்றினார். கைலாசபதியின் நூல் வெளிவந்த அதே ஆண்டு அது. ஒன்று ஒக்ஸ்போர்ட்டிலிருந்து வந்தது. மற்றொன்று கிழக்கிலங்கையிலிருந்து வந்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை.

வழக்குரையைப் படிக்கும்பொழுது கிரேக்கக் கதைகள் அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. கண்ணகையின் சிலம்புக்கு மணி வேண்டி மீகாமன் கடலோடுகின்றான், வெடியரசனோடு பொருதுகின்றான், நாகமணி பெற்று மீள்கின்றான். பாம்பு காத்த பொன் ஆட்டுத்தோலைத் தேடி ஆர்கோ என்னும் கப்பலில் சென்ற யாசோனின் கதை இதற்கு உடன்பிறந்தது போலத் தோன்றுகின்றது. கண்ணகையின் சினம் தணிய ஆடப்பட்டதென மக்கள் நம்பும் கொம்பு விளையாட்டில், கோவலன் பக்கமான வடசேரியும் கண்ணகை பக்கமான தென்சேரியும் கொம்புகளைக் கோத்து இழுப்பர். வென்றவர் தோற்றவரை வசைப்பாட்டால் எள்ளுவர். மகளை இழந்து உண்ணாமலும் சிரியாமலும் இருந்த தெமெத்தர் தேவியை, இயாம்பே என்னும் பணிப்பெண் பகடி பேசிச் சிரிக்கவைத்தாள் என்று கிரேக்கர் கூறுவர். சினந்த தாயைக் குளிர்விக்கச் சிரிப்பும் ஒரு மருந்து என்பதை இரு மக்களும் கண்டிருக்கின்றனர்.

இவ்வொற்றுமைகள் எவ்வாறு ஏற்பட்டன? பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984இல் பெருநூல் எழுதிய கணநாத் ஒபயசேகர, மேற்காசிய, மத்தியதரைக் கடலோர வழிபாடுகளோடு அதற்குத் தொடர்பு உண்டு எனக் கருதினார். அது ஆராயத்தக்கதே. ஆனால் எவர் எவரிடம் பெற்றார் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது திறனாய்வாகாது. மக்கள் எதனை வைத்துக்கொண்டனர், ஏன் வைத்துக்கொண்டனர் என்பதே முதன்மையான வினா.

அவ்வினாவோடு இரண்டு வழக்குகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் ஒரு கொலை, ஒரு மன்றம், பழி கேட்கும் பெண். இரண்டிலும் மன்றம் கலைந்த பின்னர் பெண்ணின் சினம் நாட்டையே அச்சுறுத்துகின்றது. எரினியர் நிலத்தை மலடாக்குவோம், பிள்ளைப்பேற்றை அழிப்போம் என்கின்றனர். கண்ணகையின் கொதிப்பில் மதுரை எரிகின்றது. மழை பொய்ப்பதும் அம்மை நோய் பரவுவதும் அவள் சினத்தின் விளைவென மக்கள் அஞ்சினர். இரண்டிலும் இறுதியிற் சினம் தணிவிக்கப்படுகின்றது. அதீனா இனிய சொல்லால் எரினியரை இணங்கச் செய்து, நிலத்தின் கீழ் உறைவிடமும் பூசையும் அளிக்கின்றாள். எமது கரையில் வழக்குரையின் கடைசிக் காதை குளிர்ச்சிக் காதை. திருவிழாவின் கடைசி நாள் திருக்குளிர்த்தி.

இவ்வளவு ஒற்றுமைக்கிடையிலே இரண்டு வேற்றுமைகள் தலைதூக்குகின்றன. ஏதென்சில் பெண் தெய்வங்கள் வழக்கில் தோற்ற பின்னரே சமாதானம் செய்யப்படுகின்றன. நியாயம் கொடுக்க முடியாதவிடத்து மரியாதை கொடுக்கப்படுகின்றது. கண்ணகையோ வழக்கில் வெல்கின்றாள். சிலம்பு உடைகின்றது, அரசன் தன் பிழையை உணர்ந்து உயிர்விடுகின்றான். நியாயம் கிடைத்த பின்னரும் ஆறாத துயரத்தையே மக்கள் குளிர்விக்கின்றனர். இது முதலாவது வேற்றுமை.

மற்றது இதனினும் முக்கியமானது. ஏதென்சிலே தீர்ப்பு ஒருமுறை வழங்கப்பட்டது, அதன்மேல் நகரத்தின் ஒழுங்கு கட்டப்பட்டது, வழக்கு மூடப்பட்டது. எமது கரையூர்களில் வழக்கு மூடப்படுவதில்லை. வைகாசி வந்ததும் கோயிற் கதவு திறக்கும். ஏடு விரியும். அடைக்கலமும் கொலைக்களமும் உயிர்மீட்பும் பாடப்பட்டு, மீண்டும் அவள் மன்றத்தின் வாயிலில் வந்து நிற்கின்றாள். அரசன் மீண்டும் விடை கூறவேண்டும். அரசை நோக்கி ஆண்டுதோறும் ஒரு பெண் வினாத் தொடுக்கும் சடங்கை இவ்வயற்காரர் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்துள்ளனர். காவியத்திலே காப்பியச் சுவை தேடுவோர் இதனைக் கவனிக்கவேண்டும்.

இவையெல்லாம் பழங்கதை என்று எவரேனும் கருதினால், அவரை அண்மைக்கால அரச ஏடுகளைப் பார்க்கச் சொல்வோம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரச காணி பெற்றவர் பின்னுரித்தாளரைப் பெயரிடாது இறந்தால், மகளுக்கு முன்னே மகனை நிறுத்தியது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் முதலாக இம்மாவட்டத்தில் அரசு காணி வழங்கிய போதெல்லாம் இந்தச் சட்டத்தின் நிழலும் கூடவே வந்தது. மகளுக்கு வயல் கொடுத்த மக்கள் நடுவே, மகனுக்கே வயல் என்று கூறும் தாள் புகுந்தது. அதனைத் திருத்தி ஆண் பெண் வேற்றுமையை நீக்க 2022ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் எழுந்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அழிந்த வீடுகளிற் பல பெண்களின் சீதன வீடுகள். புது வீடுகள் கொடுக்கப்பட்டபொழுது, குடும்பத் தலைவர் யார் என்று படிவங்கள் கேட்டன. தலைவர் என்றால் ஆண் என்று அலுவலர் எழுதிக்கொண்டனர். கடலுக்கு முன் மனைவியுடையதாக இருந்த வீடு, கடலுக்குப் பின் பலவிடத்துக் கணவனுடையதாயிற்று. எவரும் தீய நோக்கத்தோடு இதனைச் செய்ததாக நாம் கூறவில்லை. தாயறியாத தேவிக்கு எவ்வாறு தாயின் வழக்கு விளங்கவில்லையோ, அவ்வாறே தாய்வழி அறியாத படிவத்திற்கும் இது விளங்கவில்லை. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னர் அதீனாவின் வாக்கு எமது மணலிலே மறுபடியும் விழுந்தது. தமிழ்ப் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் ஒருங்கே தோற்ற வழக்கு அது.

இவ்விடத்தில் எம்மை நாமே புகழ்ந்துகொள்ளும் ஆபத்தும் உண்டு. பெண்ணுக்கு வீடு என்பது பெருமைக்குரிய வழக்கமே. ஆனால் அவ்வீட்டைக் கட்டும் சுமை யாருடையது? தந்தை கடன்படுகின்றான். தமையன் தன் மணத்தைப் பின்போட்டுத் தங்கைக்குக் கல் அடுக்குகின்றான். ஏழைப் பெண்ணோ தன் சீதன வீட்டுக்கான பணத்தைத் தானே தேடி அரபு நாட்டில் அயலார் வீட்டுக்குப் பணி செய்யப் போகின்றாள். வீடில்லாதவளை மணக்க முன்வராத ஆடவன், தாய்வழியின் பெயரால் வாங்குவது விலையே. உரிமையாகத் தோன்றிய வழக்கம் கூலிக்காரர் குடும்பத்தில் தண்டமாக மாறுகின்றது. அம்மனைக் குளிர்வித்துவிட்டு வீட்டுப் பெண்ணை வேகவிடுவோமாயின், ஏதென்சு மன்றத்தை விமரிசிக்கும் தகுதி எமக்கு ஏது?

பள்ளிவாசலுக்குச் செல்பவருக்குக் கண்ணகை தெய்வமல்லள். அதனை நாம் மறைக்கவில்லை. ஆனால் அவளுடைய வழக்கு அவர்களுடைய தாய்மாரின் வழக்குந்தான். 1985ஆம் ஆண்டின் பின் இக்கரையில் மூண்ட பகையும், தொடர்ந்த கொலைகளும் இடப்பெயர்வும், இவ்விரு சாராரும் பொதுவில் வைத்திருந்ததை மறக்கச் செய்தன. நிலத்துக்காக ஒருவரையொருவர் ஐயுறுவோர், நிலத்தை மகளுக்குக் கொடுக்கும் ஒரே வழக்கத்தின் பிள்ளைகள் என்பதை நினைவூட்டுவது இலக்கியத்தின் கடமையாகும்.

ஆகவே எமது எழுத்தாளரிடம் நாம் வேண்டுவது இதுவே. கிரேக்க நாடகத்தை மொழிபெயர்க்க வேண்டும். ஆனால் அருங்காட்சிப் பொருளாகவன்று, எமது வழக்கின் மறுதரப்பாக மொழிபெயர்க்க வேண்டும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1964இல் ‘இராவணேசன்’ கூத்தை அரங்கேற்றி, வயல்வெளிக் கலை பல்கலைக்கழக மேடையிலும் தலைநிமிர முடியும் என்று காட்டினார். அதே கூத்து மேடையில் எரினியரை ஆடவிடலாம். குடி அறிந்த ஊரார் முன்னிலையில் ஓரெஸ்தெசின் வழக்கை மீண்டும் எடுக்கலாம். அங்கே வாக்களிக்கப் பெண்களும் இருப்பார்கள். அந்த மன்றத்தில் வாக்குகள் சமமாகுமா என்பது எமக்கு ஐயமே.

தெய்வங்கள் எந்த நாட்டினவாயினும் அவற்றின் வாயில் பேசுவோர் மனிதரே. அதீனாவின் வாயால் ஏதென்சின் ஆண்கள் தீர்ப்பளித்தனர். கண்ணகையின் வாயால் எமது வயலோர மக்கள் வினா எழுப்பினர். தீர்ப்பு ஏடுகளில் கிடக்கின்றது. வினாவோ வைகாசி தோறும் கேட்கப்படுகின்றது. விடை சொல்லவேண்டியவர்கள் நாம்.